பூட்டிய கதவும் திறந்த கல்லூரியும்

நம் கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், கடல் கடந்த நகரமொன்றில் நிற்கும் பழைய தொழிற்சாலைக் கட்டடத்தின் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகுந்தது ஏன் என வாசகர்கள் வினவலாம். வினா நியாயமானதே. தொழிற்சாலை உழைப்பின் இடம். கல்லூரி அறிவின் இடம். இவ்விரண்டையும் இருவேறு உலகங்களாகவே எண்ணிப் பழகிவிட்டோம். உழைக்கும் குடும்பத்தில் பிறந்து கல்லூரி வாயிலில் முதன்முதலாகக் கால் வைத்த நம் இளைஞர்களிற் பலருங்கூட அவ்வாறே எண்ணுகின்றனர். ஆனால் அவ்விரண்டையும் ஒரே சுவர்களுக்குள் தாங்கி நிற்கும் கட்டடம் ஒன்று உண்டு. அதன் கதையை அறிந்தோர் கல்வியையும் உழைப்பையும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் நகரில், வாஷிங்டன் சதுக்கம் என்னும் பூங்காவுக்குச் சற்றுக் கிழக்கே, கிரீன் தெருவும் வாஷிங்டன் பிளேஸ் என்னும் தெருவும் கூடும் மூலையில் பத்துத் தளங்கள் கொண்ட அக்கட்டடம் நிற்கிறது. இன்று அதன் பெயர் பிரவுன் கட்டடம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் உயிரியல், வேதியியல் ஆய்வுக்கூடங்கள் அதில் உள்ளன. புத்தகப் பையுடன் மாணவ மாணவியர் ஏறி இறங்கும் அதே கட்டடத்தில்தான், 1911ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், 146 தொழிலாளர் மாண்டனர்.

கட்டடம் எழுந்த வரலாறு

1900-1901ஆம் ஆண்டுகளில் ஜோசப் ஆஷ் என்பவருக்காக ஜான் வூலி என்னும் கட்டடக் கலைஞர் இதனை அமைத்தார். அதனால் தொடக்கத்தில் இது ஆஷ் கட்டடம் என வழங்கிற்று. இரும்புச் சட்டகத்தால் ஆனது. தீப்பற்றாத கட்டடம் என்று பெருமையாகப் பேசப்பட்டது. அந்தப் பெருமை பொய்யன்று என்பது பின்னர் விளங்கியது. தீயில் கட்டடம் அழியவில்லை; உள்ளிருந்த மனிதரே அழிந்தனர்.

கட்டும்போதே ஒரு குறை நேர்ந்தது. அத்துணைப் பரப்புள்ள கட்டடத்திற்கு மூன்று படிக்கட்டுகள் வேண்டுமெனச் சட்டத்தின்படி கேட்கப்பட்டது. கட்டியவர்களோ இரண்டே அமைத்தனர். வெளிச்சுவரில் பொருத்திய இரும்பு ஏணிப்படியை மூன்றாவதாகக் கொள்ளலாம் என்று வாதிட்டனர், வாதம் ஏற்கப்பட்டது. மெலிந்த அந்த ஏணிப்படி தரைவரைக்கும் இறங்கவில்லை. பணம் படைத்தோரின் வாதம் எளிதில் ஏறும் இடங்களில், ஏழையின் உயிருக்கான படிக்கட்டு ஒன்று குறைந்துபோவதை யாரும் பொருட்படுத்துவதில்லை.

கட்டடத்தின் மேல்தளங்களான 8, 9, 10ஆம் தளங்களை டிரையாங்கிள் வெய்ஸ்ட் கம்பெனி வாடகைக்குப் பெற்றிருந்தது. பெண்கள் அணியும் மேற்சட்டைகள் அங்குத் தைக்கப்பட்டன. மாக்ஸ் பிளாங்க், ஐசக் ஹாரிஸ் என்னும் இருவர் உரிமையாளர்கள். ஏறத்தாழ 500 பேர் வேலை செய்தனர். அவர்களிற் பெரும்பாலோர் இளம்பெண்கள். ருஷ்யப் பேரரசிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்த யூதர்கள், இத்தாலியிலிருந்து வந்த ஏழைகள். ஒன்பதாம் தளத்தில் நீண்ட மேசைகளில் இருநூற்றுக்கு மேற்பட்ட தையல் இயந்திரங்கள் நெருக்கமாகப் போடப்பட்டிருந்தன. வாரநாட்களில் ஒன்பது மணி நேரம், சனிக்கிழமையில் ஏழு மணி நேரம் வேலை. வேலை முடிந்து வெளியேறும் பெண்களின் கைப்பைகள் ஒரே வாயிலில் சோதிக்கப்பட்டன. துணித்துண்டு ஏதும் களவு போய்விடக் கூடாதென்று மற்றொரு வாயிற்கதவு பூட்டி வைக்கப்பட்டது.

இங்கே சற்று நின்று எண்ணிப் பார்ப்போம். உழைப்பவர் அனைவரும் திருடர் என்று முன்னரே முடிவு கட்டிய பூட்டு அது. ஒரு மனிதர் செய்யாத குற்றத்தை அவர் பிறப்பின்மீதும் ஏழ்மையின்மீதும் ஏற்றி வைக்கும் பார்வை நமக்குப் புதிதன்று.

கேட்டார்கள், கிடைக்கவில்லை

அத்தொழிலாளர் வாய் மூடிக் கிடந்தவர் அல்லர். 1909ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் கூப்பர் யூனியன் மண்டபத்தில் சட்டைத் தொழிலாளர் கூட்டம் ஒன்று நடந்தது. தலைவர்கள் நெடுநேரம் பேசினர். முடிவு எதுவும் எட்டப்படவில்லை. அப்போது கிளாரா லெம்லிச் என்னும் இளம் தையல் தொழிலாளி மேடையேறி, இத்திஷ் மொழியில், பொது வேலைநிறுத்தம் செய்வோம் என்று முன்மொழிந்தார். மண்டபம் முழுதும் அதனை ஏற்றது. ஏறத்தாழ இருபதாயிரம் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர்.

இந்தக் கிளாரா லெம்லிச் யார் என்பதை நம் மாணவியர் அறிந்துகொள்ள வேண்டும். இன்றைய உக்ரைன் நாட்டில் பிறந்த யூதப் பெண். சிறுமியாயிருக்கையில் பொத்தான் துளை தைத்தும், எழுத்தறியாத தாய்மார்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தும் சேர்த்த காசில் நூல்கள் வாங்கிப் படித்தவர். யூதர்மீது நிகழ்ந்த கொலைவெறித் தாக்குதல்களுக்கு அஞ்சி அவர் குடும்பம் அமெரிக்கா சென்றது. அங்கும் பகலெல்லாம் தைத்துவிட்டு, இரவில் நூல்நிலையம் சென்று படித்தார். பேசத் துணிந்த அந்த நா படிப்பால் பண்பட்ட நா.

வேலைநிறுத்தம் 1910 பிப்ரவரி வரை நீடித்தது. பல கம்பெனிகள் சங்கத்தோடு உடன்பாடு கண்டன. டிரையாங்கிள் கம்பெனி சங்கத்தை ஏற்க மறுத்தது. பாதுகாப்பான வழிகள் வேண்டும் என்ற கோரிக்கையும் நிறைவேறவில்லை. அடுத்த ஆண்டே அதன் விலையைத் தொழிலாளர் கொடுத்தனர்.

மார்ச் 25, 1911

அன்று சனிக்கிழமை. மாலை 4 மணி 40 நிமிடம் இருக்கும். வேலை முடியும் நேரம். எட்டாம் தளத்தில் துணி வெட்டும் மேசையின் அடியில், வெட்டுத் துண்டுகள் குவிந்திருந்த பெட்டியில் தீப்பற்றியது. அணைக்காத தீக்குச்சியோ சிகரெட்டோ விழுந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. பஞ்சுத் துணியில் தீ நொடியில் பரவியது. எட்டாம் தளத்திலிருந்து பத்தாம் தளத்திலுள்ள அலுவலகத்திற்குத் தொலைபேசியில் செய்தி சென்றது. ஒன்பதாம் தளத்திற்குச் செய்தி சொல்வார் இல்லை. அங்கே தீயே முதற்செய்தியாக வந்தது.

கிரீன் தெருப் பக்கத்துப் படிக்கட்டைச் சிறிது நேரத்தில் தீ மறித்தது. மறுபக்கத்துக் கதவை நோக்கி ஓடினர், அது பூட்டியிருந்தது. இரும்பு ஏணிப்படி பாரம் தாங்காமல் சரிந்து, அதில் இறங்கியவர்கள் கீழே விழுந்து மாண்டனர். தீயணைப்புப் படை விரைந்து வந்தது. ஆனால் அவர்களின் ஏணி ஆறாம் தளம் வரையே எட்டியது. ஜோசப் சிட்டோ, காஸ்பர் மோர்டில்லாரோ என்னும் இரு மின்தூக்கி இயக்குநர்கள், தீக்கும் புகைக்கும் நடுவே மீண்டும் மீண்டும் மேலே சென்று பலரை இறக்கினர். பின்னர் அதுவும் இயலாது போயிற்று. சாளரங்களின் விளிம்பில் நின்ற பெண்கள் கையோடு கை கோத்துக் குதித்ததைத் தெருவில் நின்ற மக்கள் கண்டனர். அரைமணி நேரத்திற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இறந்தோர் 146 பேர். அவர்களுள் 123 பேர் பெண்கள், 23 பேர் ஆண்கள். மிக இளையோருக்கு வயது 14.

பத்தாம் தளத்தில் இருந்தோர் ஒருவர் நீங்கலாக அனைவரும் பிழைத்தனர். அவர்கள் கூரைக்கு ஏறினர். உரிமையாளர் இருவரும் அவ்வழியே தப்பினர். அடுத்த கட்டடத்தின் கூரை இதனினும் உயரமானது. அக்கட்டடம் நியூயார்க் பல்கலைக்கழகத்தினுடையது. மேல்தளத்தில் சட்ட வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பாடம் நடத்திய பேராசிரியர் பிராங்க் சோமர், மாணவரோடு கூரைக்கு ஓடி, அங்குக் கிடந்த ஏணிகளை இறக்கித் தொழிலாளரை மேலே ஏற்றினார்.

இந்நிகழ்ச்சியை நாம் சிறப்பாகக் குறித்துக்கொள்கிறோம். கல்லூரியும் தொழிற்சாலையும் அன்றும் அடுத்தடுத்தே இருந்தன. இடையில் ஒரு சுவர்தான். ஒரு பக்கத்தில் சட்டம் கற்பிக்கப்பட்டது. மறுபக்கத்தில் சட்டம் மீறப்பட்டது. நாள்தோறும் அருகருகே இருந்தும் ஒருவரையொருவர் அறியாதவர்கள், தீ மூண்ட நாளிலேதான் ஏணியால் இணைந்தனர். ஏணி இறக்கிய மாணவரை நாம் போற்றுகிறோம். அந்த ஏணி ஒரு நாள் முன்னதாக, அறிவு வடிவில் இறங்கியிருந்தால் எத்தனை உயிர்கள் பிழைத்திருக்கும் என்றும் எண்ணுகிறோம்.

நீதியும் சட்டமும்

உரிமையாளர் இருவர்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. கதவு பூட்டியிருந்ததைத் தப்பிப் பிழைத்தோர் சாட்சி கூறினர். ஆயினும், அந்நேரத்தில் அது பூட்டியிருந்தது உரிமையாளருக்குத் தெரியும் என்பது ஐயமற மெய்ப்பிக்கப்படவேண்டும் என்று நீதிபதி சொன்னார். 1911 டிசம்பர் 27ஆம் நாள் இருவரும் விடுதலையாயினர். 1914ஆம் ஆண்டில் உரிமை வழக்குகள் உயிர் ஒன்றுக்கு 75 டாலர் என்ற அளவில் தீர்ந்தன. இடையில் 1913ஆம் ஆண்டில், வேலை நேரத்தில் கதவைப் பூட்டி வைத்ததற்காக மாக்ஸ் பிளாங்க் மீண்டும் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்ததையும், பின்னர் உயர்நீதிமன்றத்தில் வந்த விடுதலைத் தீர்ப்பையும் அறிந்த நமக்கு, நியூயார்க் தாய்மார்களின் அன்றைய மனநிலையை எவரும் விளக்க வேண்டியதில்லை.

நீதிமன்றம் தராததை மக்கள் இயக்கம் ஓரளவு பெற்றது. ஏப்ரல் 5ஆம் நாள் கொட்டும் மழையில் பல்லாயிரவர் இறுதி ஊர்வலமாக நடந்தனர். அவ்வாண்டிலேயே நியூயார்க் மாநிலம் தொழிற்சாலை விசாரணைக் குழு ஒன்றை அமைத்தது. இராபர்ட் வாக்னர் தலைவர். ஆல்பிரட் ஸ்மித் துணைத்தலைவர். குழுவினர் நகரம் நகரமாகச் சென்று தொழிற்சாலைகளைக் கண்டனர். தொழிலாளரின் சாட்சியங்களைக் கேட்டனர். அதன் பயனாகச் சில ஆண்டுகளில் முப்பதுக்கு மேற்பட்ட சட்டங்கள் பிறந்தன. வேலை நேரத்தில் கதவைப் பூட்டலாகாது. தீயணைப்புப் பயிற்சி நடத்தவேண்டும். நீர் தெளிக்கும் குழாய்கள் வேண்டும் என்பன போன்ற விதிகள் வந்தன.

தீப்பற்றிய அன்று அருகிலிருந்த ஒரு வீட்டிலிருந்து ஓடிவந்து, சாளரங்களிலிருந்து பெண்கள் விழுவதைக் கண்ணால் கண்டவர் பிரான்சிஸ் பெர்க்கின்ஸ். 1910ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். பெண்களின் வேலை வாரத்தை 54 மணி நேரமாக வரையறுத்த 1912ஆம் ஆண்டுச் சட்டத்திற்காக அவர் பாடுபட்டார். விசாரணைக் குழுவிலும் பணியாற்றினார். 1933ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டின் தொழிலாளர் துறை அமைச்சராகி, 1945 வரை அப்பதவியில் இருந்தார். அந்நாட்டு அமைச்சரவையில் அமர்ந்த முதற்பெண் அவரே.

அதே கொலம்பியா பல்கலைக்கழகத்திற்கு 1913ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இந்தியாவிலிருந்து ஒரு மாணவர் வந்து சேர்ந்தார். அவர் அண்ணல் அம்பேத்கர். தீ விபத்து நடந்து இரண்டு ஆண்டுகளே கடந்திருந்தன. விசாரணைக் குழுவின் பணியும் தொழிற்சாலைச் சட்டங்களும் அந்நகரில் பேசப்பட்ட ஆண்டுகளிலேயே அவர் அங்குப் பொருளாதாரம் பயின்றார். 1942ஆம் ஆண்டில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். வாரத்திற்கு 54 மணி என்றிருந்த தொழிற்சாலை வேலை நேரத்தை 48 மணியாகக் குறைக்கும் திருத்த மசோதாவை 1946ஆம் ஆண்டில் மத்திய சட்டசபையில் கொண்டுவந்தார். அவருக்குப்பின் தொழிலாளர் அமைச்சராய் விளங்கியவர் பாபு ஜகஜீவன்ராம். அவர் காலத்தில் நிறைவேறிய 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில் ஒரு விதி இருந்தது: அறையினுள் ஆள் இருக்கும்போது வெளியேறும் கதவை உள்ளிருந்து எளிதில் திறக்க இயலாதவாறு பூட்டலாகாது, கதவுகள் வெளிப்புறமாகத் திறக்கவேண்டும்.

நியூயார்க்கில் 146 உயிர்கள் கொடுத்துக் கற்ற பாடம், இந்தியாவில் தீண்டாமைக் கொடுமையை நேரில் அனுபவித்த சமுதாயத்தின் மைந்தர் ஒருவர் தொழிலாளர் அமைச்சராயிருந்த நாளில் சட்டமாக அமைந்தது. கல்வி கற்றவன் எந்த நாற்காலியில் அமர்கிறான் என்பதைவிட, அமர்ந்தபின் யாருக்கான கதவைத் திறக்கிறான் என்பதே வரலாற்றில் நிற்கும்.

தொழிற்சாலை கல்லூரியானது

தீக்குப்பின் கட்டடம் பழுது பார்க்கப்பட்டது. சுவர்களும் சட்டகமும் உறுதியாகவே இருந்தன. 1916ஆம் ஆண்டில், முன்பு தீ தொடங்கிய அதே எட்டாம் தளத்தை நியூயார்க் பல்கலைக்கழகம் பெற்று நூலகமும் வகுப்பறைகளும் அமைத்தது. துணி குவிந்திருந்த தளத்தில் நூல்கள் அடுக்கப்பட்டன. படிப்படியாகப் பல்கலைக்கழகம் மற்றத் தளங்களுக்கும் பரவிற்று. 1929ஆம் ஆண்டில் பிரடெரிக் பிரவுன் என்னும் செல்வர் கட்டடத்தை வாங்கிப் பல்கலைக்கழகத்திற்கே நன்கொடையாக வழங்கினார். நன்றிக்கடனாக அது பிரவுன் கட்டடம் எனப் பெயர் பெற்றது.

கொடையாளரை மதிப்பது முறையே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கட்டச் செய்தவர் பெயரை முதலில் தாங்கியது. கொடுத்தவர் பெயரைப் பின்னர்த் தாங்கியது. அதனுள் உழைத்து மாண்டவர் பெயர் எதுவும் சுவரில் இல்லை. ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின், 1961ஆம் ஆண்டில் பெண்களுடை தைக்கும் தொழிலாளர் சங்கம் நினைவுப் பலகை ஒன்றைப் பதித்தது. 1991ஆம் ஆண்டில் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும், 2003ஆம் ஆண்டில் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகவும் அறிவிக்கப்பட்டது.

இறந்தோருள் அறுவரின் பெயர்கூட நெடுங்காலம் தெரியாதிருந்தது. அடையாளம் காண இயலாத உடல்களாய் அவர்கள் புதைக்கப்பட்டிருந்தனர். பழைய செய்தித்தாள்களையும் ஆவணங்களையும் பொறுமையாக ஆராய்ந்த மைக்கேல் ஹெர்ஷ் என்பவரின் உழைப்பால், நூறாம் ஆண்டாகிய 2011இல்தான் அவ்வறுவரின் பெயரும் வெளிப்பட்டது. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் கட்டடத்தின் வெளிச்சுவரில் எஃகுப் பட்டை வடிவிலான நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. 146 பேரின் பெயர்களும் அதில் வெட்டப்பட்டுள்ளன. கீழே பதித்த கரிய பலகையில் அப்பெயர்கள் எதிரொளிக்கின்றன. தலை குனிந்து பார்ப்போர் அவற்றைப் படிக்கலாம். உழைத்தவரின் பெயர் சுவரேற 112 ஆண்டுகள் ஆயின.

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 25ஆம் நாள் அங்கே மக்கள் கூடுகின்றனர். மாண்டவர் பெயர்கள் ஒவ்வொன்றாகப் படிக்கப்படுகின்றன, மணி ஒலிக்கிறது. தீயணைப்புப் படையினர் ஏணியை ஆறாம் தளம் வரை உயர்த்தி நிறுத்துகின்றனர். அன்று எட்டிய உயரம் அது. எட்டாமற்போன உயரத்தை ஒவ்வொருவரும் கண்ணால் அளந்துகொள்கின்றனர்.

நமக்குரிய பாடம்

இளைஞர்களே! தொழிற்சாலை கல்லூரியாவது நல்ல மாற்றம். ஆனால் கட்டடம் மாறிய மாத்திரத்தில் கடன் தீர்ந்துவிடாது. அந்த எட்டாம் தளத்தில் அமர்ந்து படித்த மாணவர் பலருக்குத் தாம் எங்கு அமர்ந்திருக்கிறோம் என்பது தெரியாமலே இருந்திருக்கலாம். அத்தகைய மறதி நமக்கு நேரலாகாது. நாம் அமர்ந்து படிக்கும் ஒவ்வொரு பலகைக்கும் பின்னால், வயலிலும் தோல் பதனிடும் தொட்டியிலும் ஆலையிலும் தெருவிலும் உழைத்து, தம் பிள்ளை படிக்கட்டும் என்று காசு கொடுத்த பெற்றோர் உள்ளனர். அவர்களிற் பலர் பெயரை எந்தக் கல்வெட்டும் தாங்கவில்லை.

ஆகையால் இவ்வெள்ளிவிழா ஆண்டில் ஒவ்வொரு மாணவரிடமும் சங்கம் ஒரு பணியை எதிர்பார்க்கிறது. உங்கள் ஊரில் பள்ளிக்காக மண் சுமந்தவர், நிலம் விட்டவர், விளக்கெண்ணெய்க்குக் காசு தந்தவர், இரவுப் பாடசாலையில் கூலியின்றிக் கற்பித்தவர் யார் யார் என்று பெரியோரைக் கேளுங்கள். பெயரும் ஊரும் செய்த பணியும் ஒரு நோட்டில் எழுதுங்கள். எழுத்தறியாத பாட்டி சொல்வதையும் அவ்வாறே எழுதுங்கள். அறுவரின் பெயரைக் கண்டுபிடிக்க ஒரு நகரத்திற்கு நூறாண்டு ஆயிற்று. நம்மவர் பெயரைச் சொல்ல வல்லோர் இன்னும் நம் வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுவோம்.

இரண்டாவது, படித்து வேலை பெற்றபின் உங்கள் பொறுப்பில் ஓர் அலுவலகமோ தொழிற்கூடமோ பள்ளியோ வரும் நாளில், அதன் கதவுகளை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எந்தக் கதவு யாரை நம்பாமல் பூட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். திறக்கவேண்டியதைத் திறந்து வையுங்கள்.